தினமும் ஓட்டுறவரா, எப்பவாவது ஓட்டுறவரா?

அப்பா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போச்சுன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

திருச்சியில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்திநாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் அப்பா. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எங்கே மக்கர் பண்ணும் என்பதில்தான் அவர் புத்தி முதலில் போகும். 2019-ல் ரத்தப் பரிசோதனையில், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் பி.எஸ்.ஏ. அளவு ஏறியது. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எல்லாம் முடிந்தபோது, புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோய் என்று தெரிந்தது. சுரப்பியை எடுத்துவிடலாம், ரோபோ மூலம் செய்யலாம் என்றார்கள். அதற்காகத்தான் சென்னை வந்திருந்தோம். டாக்டர் அறைக்கு வெளியே ஆளுயர பேனர் ஒன்று. நான்கு கைகளை விரித்து நிற்கும் இயந்திரம். அந்தப் படத்தில் மனிதர் ஒருவர்கூட இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவா அப்பாவை அறுக்கப் போகுது?" என்று என் காதில் கேட்டாள்.

கரண்ட் கேள்விக்கு டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். இயந்திரத்துக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது, மருத்துவமனையின் ஜெனரேட்டர் தனி. "சரி, மிஷினே நின்னு போச்சுன்னா?" கருவிகளை வெளியே எடுத்து, கைகளைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, சின்னத் துளைகள் வழியாகக் கையாலேயே செய்யும் சாதாரண லேப்ராஸ்கோபியிலோ வயிற்றைத் திறந்தோ முடிப்போம் என்றார். "அதுக்கும் சேர்த்துத்தான் உங்ககிட்ட கையெழுத்து வாங்குவோம், ஐயா."

மூன்றாவது கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். இதை நீங்க தினமும் ஓட்டுறவரா, எப்பவாவது ஓட்டுறவரா?"

டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு செய்வதாகவும், புராஸ்டேட்டுக்கு மட்டுமே அறுநூறுக்கு மேல் செய்திருப்பதாகவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில், நட்பில் யாரிடமாவது மருத்துவமனையில் ரோபோ என்று சொன்னால் எனக்குத்தான் போன் வருகிறது. இந்த ஆறேழு வருஷத்தில் படித்தது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, எங்கள் வீட்டிலேயே பார்த்தது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அம்மாவின் கேள்வி. அறுப்பது அந்த இயந்திரம் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியிலிருந்து நான்கு கைகள் நீண்டு வந்து, வயிற்றில் போட்ட துளைகள் வழியாக உள்ளே போகும். ஒவ்வொரு துளையும் சுமார் எட்டு மில்லிமீட்டர். ஒரு கையில் கேமரா, மற்றவற்றில் கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் கருவி. அறுவை சிகிச்சை நிபுணர் அதே அறையில் சில அடி தள்ளி, கன்சோல் என்ற இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடிக் குழிக்குள் முகம் வைத்துப் பார்ப்பார். உள்ளே இருப்பது முப்பரிமாணத்தில், பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். விரல்களை வளையங்களில் மாட்டிக்கொண்டு அவர் எப்படி அசைக்கிறாரோ, அப்படியே உள்ளே கருவியின் நுனி அசையும். சாதாரண லேப்ராஸ்கோபிக் கருவி நீண்ட குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். இதற்கு மணிக்கட்டு உண்டு. கையின் சின்ன நடுக்கத்தையும் வடிகட்டிவிடும். இடுப்பெலும்புக் குழிக்குள் ஆழத்தில் இருக்கும் புராஸ்டேட்டை எடுத்துவிட்டு, சிறுநீர்ப் பையையும் குழாயையும் திரும்பச் சேர்த்துத் தைக்கிற வேலைக்கு அந்த மணிக்கட்டு பெரிய வரம். நிபுணர் கன்சோலிலிருந்து முகத்தை எடுத்துவிட்டால் கைகள் அப்படியே நின்றுவிடும். தானாக ஒரு வெட்டுகூடப் போடாது.

போர்க்களத்தில் காயம்பட்ட வீரருக்குத் தூரத்திலிருந்தே ஒரு டாக்டர் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ஜாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர், கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை அகற்றிக் காட்டினார். நடைமுறையில் இன்று உலகமெங்கும் நடப்பது பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். அதிகமாகப் பயன்படும் 'டாவின்சி' இயந்திரத்துக்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000-ல் அனுமதி கொடுத்தது. புராஸ்டேட் அறுவையில் இந்த முறையை ஒழுங்குபடுத்தி வளர்த்தவர்களில் முக்கியமானவர், டெட்ராய்ட்டில் பணியாற்றிய மணி மேனன். திருச்சூர்க்காரர், மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரு தெம்பு. நம்ம பக்கத்தில் படித்தவர் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. பல வருஷம் இந்த இயந்திரத்துக்குத் தொடு உணர்வே கிடையாது. நூலை இழுக்கும்போது எவ்வளவு இறுகுகிறது என்பதை டாக்டர் கையால் உணர முடியாது, கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மாடலில்தான் அந்த உணர்வு ஓரளவு வந்திருக்கிறது. அப்படியென்றால், கண்ணால் பார்த்தே இழுவையைக் கணிக்கும் பழக்கம் எத்தனையோ அறுவைகள் செய்த பிறகுதான் ஒருவருக்கு வரும். அப்பா கேட்ட மூன்றாவது கேள்வியின் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அறுவை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் முன்கூட்டி எங்களிடம் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் என்றார்கள், நாலரை மணி ஆனது. இயந்திரத்தை நிறுத்திப் பொருத்தவே நேரம் பிடிக்கும் என்று தெரியாமல் அம்மா பிள்ளையார் சந்நிதிக்கும் தியேட்டர் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். புராஸ்டேட் அறுவைக்கு நோயாளியைத் தலை கீழாகவும் கால் மேலாகவும் நன்றாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். வெளியே வந்த அப்பாவின் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து நான் பயந்தே போனேன். மறுநாள் வடிந்துவிட்டது. அப்புறம் வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கிறது என்றார். அந்த வாயுவால் வருவதாம், நடக்க நடக்கச் சரியாகும் என்றார் நர்ஸ். ஆனால் இப்படிச் சாய்த்துப் படுக்க வைப்பதால் கண்ணின் அழுத்தம் கூடும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் கட்டாயம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களும்தான்.

'சின்னத் துளைகள்தான்' என்றார்கள். உண்மைதான், ஆனால் வெட்டியெடுத்த சுரப்பி வெளியே வர வேண்டுமே. தொப்புள் பக்கத்துத் துளையைப் பெரிதாக்கித்தான் எடுத்தார்கள். யூரின் டியூப் பத்து நாள் இருந்தது. அதை எடுத்த பிறகு இருமினாலும் எழுந்தாலும் கசிந்தது. பணிமனையில் எவ்வளவு கடினமான வேலைக்கும் அசராத மனிதர், பேத்தி முன்னால் வேட்டி நனைந்த அன்று வாய்விட்டு அழுதார். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்து செய்து ஏழாவது மாதத்தில்தான் கட்டுக்குள் வந்தது. தாம்பத்திய உறவு பற்றி டாக்டர் அப்பாவிடம் தனியாகப் பேசினார். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன, புற்றுநோய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவற்றைக் காப்பாற்ற முடியும். நம் வீடுகளில் இதை யாரும் கேட்க மாட்டோம். கேட்டே ஆக வேண்டும்.

ரோபோ என்றால் இதெல்லாம் வராது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்த அறுவை, மறு பாதிக்கு ரோபோ அறுவை என்று நடத்திய ஆய்வின் முடிவு 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. ரோபோ பக்கத்தில் இரத்த இழப்பு மூன்றில் ஒரு பங்குதான், வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். இன்னொரு விவரம் உண்டு. திறந்த அறுவை செய்தவர் பல ஆண்டு அனுபவசாலி, ரோபோவில் செய்தவர் அவரைவிட மிக இளையவர். அனுபவத்தில் இத்தனை பின்னால் இருந்தவர் ரோபோவால் அவருக்குச் சமமாக வந்துவிட்டார் என்று சிலர் வாதிடுவார்கள், பழைய கைக்கு ரோபோ தேவையே இல்லை என்று வேறு சிலர். எனக்கு இரண்டும் நியாயமாகவே படுகிறது. அப்பா மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்ததும், ஒரு பாட்டில் இரத்தம்கூட ஏற்ற வேண்டியிராததும் ரோபோவால்தான் என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் அந்த டாக்டரின் கையும் அப்பாவின் பொறுமையும்.

2021-ல் சித்திக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தெரிந்தது. ஆரம்ப நிலை, அறுவை செய்தால் போதும் என்ற நிலை. எங்கள் குடும்பத்தில் விவாதமே நடக்கவில்லை. அண்ணனுக்குச் செய்த மாதிரியே செய்துவிடலாம், செலவைப் பார்க்க வேண்டாம் என்று சித்தப்பா முடிவே கட்டிவிட்டார். அதே போன்ற பெரிய மருத்துவமனை, அங்கேயும் அதே இயந்திரம். ஆனால் அந்தப் பெண் மருத்துவர் தெளிவாக மறுத்துவிட்டார்.

"இந்த நோய்க்கு நான் வயிற்றைத் திறந்துதான் செய்வேன்மா. மிஷின் இங்கேதான் இருக்கு, நானே அதில் மற்ற ஆபரேஷன் பண்றேன். ஆனா உங்களுக்கு வேண்டாம்."

சித்தப்பாவுக்குக் கோபம். எங்களால் பணம் கட்ட முடியாது என்று நினைக்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். 2018 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்கள். ஒரு பாதிக்குத் திறந்த அறுவை. மறு பாதிக்குத் துளை வழி அறுவை, அதில் பெரும்பாலும் சாதாரண லேப்ராஸ்கோபி, சுமார் ஆறில் ஒருவருக்கு ரோபோ. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழி அறுவையில் 86 சதவீதம். மூன்று ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 99-க்கு 93.8. சின்னத் தழும்பும் சீக்கிர டிஸ்சார்ஜும் கிடைத்த பக்கத்தில் அதிகப் பெண்கள் இறந்திருக்கிறார்கள். கருப்பையை அசைத்துப் பிடிக்க உள்ளே செலுத்தும் கருவி, வயிற்றில் சுழலும் வாயு, இவற்றால் புற்றணுக்கள் பரவுகின்றனவோ என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ.வே, மார்பகத்தை அகற்றுவது உட்பட பெண்களின் புற்றுநோய் அறுவைகளில் ரோபோவைப் பயன்படுத்துவது பற்றி நோயாளிகளையும் மருத்துவர்களையும் எச்சரித்து அறிக்கை விட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் மிரள வேண்டாம். அதே கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்குத் துளை வழி அறுவை நல்ல முறையென்று நிலைபெற்றிருக்கிறது. புற்று அல்லாத கட்டிக்காகக் கருப்பையை எடுப்பது வேறு கணக்கு. ஒரே உறுப்பு, நாலு அங்குலத்துக்குள் இரண்டு இடம், இரண்டு பதில். ரோபோ நல்லதா கெட்டதா என்று என்னிடம் யார் கேட்டாலும், எந்த உறுப்பில், எந்த நோய்க்கு, எந்த நிலையில் என்று நான் திருப்பிக் கேட்பது அந்த அறையில் கற்றுக்கொண்டதுதான்.

சித்திக்குத் தொப்புளிலிருந்து கீழே நீளமான தழும்பு. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள், ஒன்றரை மாதம் குடம் தூக்கவில்லை. வருமானம் வரும் இயந்திரம் பக்கத்து அறையில் நிற்கும்போது வேண்டாம் என்று சொன்ன அந்த மருத்துவரை நான் மனதால் கும்பிடாத நாள் இல்லை.

நியூகாசிலில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். 2015 பிப்ரவரியில் இங்கிலாந்தின் அந்த நகரில் இருக்கும் ஃப்ரீமேன் மருத்துவமனையில், 69 வயது ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவருக்கு ரோபோ மூலம் இதய வால்வைச் சரிசெய்தார்கள். அந்த வகையில் அந்த நாட்டிலேயே அதுதான் முதல் அறுவை. சிக்கல் வந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த நிபுணர்கள் பாதியிலேயே கிளம்பியிருந்தார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார். 2018-ல் நடந்த மரண விசாரணையில், வழக்கமான திறந்த அறுவை செய்திருந்தால் அவர் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். புதிய தொழில்நுட்பத்தில் ஒரு மருத்துவர் எவ்வளவு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான அளவுகோலே இல்லாததையும் அவர் குறிப்பிட்டார். அந்த இசை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் தெரியாமலேயே போயிருந்தது: தனக்கு முன்னால் இங்கே இதை யாருக்கும் செய்ததில்லை, திறந்த அறுவையைவிட இதில் தனக்கு ஆபத்து அதிகம் என்பது.

அதனால் நம் ஊரிலும் கேட்க வேண்டும். டாக்டரிடம் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நல்ல டாக்டர்கள் கோபிப்பதில்லை, நான் பார்த்தவரை நிம்மதியடைகிறார்கள். 'இதே ஆபரேஷனை' எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ரோபோவில் மொத்தம் எத்தனை என்ற கணக்கு நமக்கு உதவாது, குடலிறக்கத்துக்குச் செய்த இருநூறு, சிறுநீரகத்துக்குக் கணக்காகாது. முழு நேரமும் கன்சோலில் நீங்களேதானா, பயிற்சி மருத்துவர் எந்தப் பகுதியைச் செய்வார் என்றும் கேட்கலாம். பயிற்சி மருத்துவர் கற்பது தவறில்லை, அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதியில் திறக்க வேண்டி வந்தால் திறப்பவர் யார், மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி நிபுணர் யார் என்பதும் முக்கியம். எனக்கு இன்னொன்றும் பிடிக்கும்: "உங்க வீட்ல ஒருத்தருக்கு இந்த நோய் வந்தா எந்த முறையில் பண்ணுவீங்க?" அந்தக் கேள்விக்கு டாக்டர்கள் பதில் சொல்வதற்குமுன் ஒரு நொடி நிற்கிறார்கள். அந்த ஒரு நொடி நிறையச் சொல்லும்.

மூட்டு மாற்று அறுவைக்கும் ரோபோ என்கிறார்கள். அது வேறு வகை இயந்திரம், எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று திட்டமிட்டு வழிநடத்துவது. பொருத்துவதில் துல்லியம் கூடுகிறது. ஆனால் கொரியாவில் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வில், வலியிலும் நடையிலும் மூட்டின் ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. அது பழைய தலைமுறை இயந்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பணம். அப்பா விஷயத்தில் நாங்கள் சறுக்கியது இங்கேதான். இந்த இயந்திரத்தின் நுனிக் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு. பழைய மாடல்களில் பெரும்பாலும் பத்து முறை. அதற்கு மேல் இயந்திரமே ஏற்காது. அந்தச் செலவெல்லாம் நம் பில்லில்தான் ஏறும். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று மதியம், ரோபோ அறுவைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது, காப்பீட்டுத் தொகையில் பாதிதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். பாலிசிக் காகிதத்தின் உள்பக்கத்தில் அது இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. தம்பி அலைந்து திரிந்து, நகையை வைத்து, இரவு ஒன்பது மணிக்கு அப்பாவை வெளியே கூட்டி வந்தோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி, ரோபோ அறுவை உட்பட பன்னிரண்டு நவீன சிகிச்சைகளை மருத்துவக் காப்பீடுகள் அடியோடு விலக்கிவைக்க முடியாது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில்கூட அது காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். அட்மிஷனுக்கு முன்னாலேயே இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலும் இந்த வசதி வந்திருக்கிறது, சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை மையத்தைத் திறந்தார்கள். இருக்கிறது என்று தெரியாமலேயே தனியாருக்குப் போய்க் கடன்படுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

போன வாரம் மாமா பையன் கூப்பிட்டான். பித்தப்பையில் கல். ரோபோவில் செய்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் கூடும், ஆனால் அதுதான் லேட்டஸ்ட் என்று மருத்துவமனை கோஆர்டினேட்டர் சொன்னாராம். அமெரிக்காவில் 'மெடிகேர்' என்ற அரசின் முதியோர் காப்பீட்டில் இருக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2023-ல் வெளிவந்த ஆய்வைப் பற்றி அவனிடம் சொன்னேன். பித்தநாளத்தில் காயம்பட்டு மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது லேப்ராஸ்கோபியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7. கோஆர்டினேட்டரிடம் பேசாதே, ஆபரேஷன் செய்யப் போகிறவரையே நேரில் பார்த்துத் தாத்தா கேட்ட மாதிரி கேள் என்றேன். அப்பாவை அவன் பிள்ளைகளெல்லாம் தாத்தா என்று கூப்பிட்டு, அவனுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டான். "கேட்டேன்க்கா. பித்தப்பைக்கு ரோபோவில் இதுவரை பன்னிரண்டுதான் பண்ணியிருக்காராம், லேப்ராஸ்கோபியில் கணக்கே இல்லையாம். உனக்கு லேப்ராஸ்கோபியே போதும்ப்பான்னு அவரே சொல்லிட்டார்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். அப்பாவும் கூட வருகிறேன் என்று பையை எடுத்து வைத்துவிட்டார்.